சொன்னதைக் கேட்கவில்லை

பல்லுக்குக் கிளிப் மாட்டும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் வாழ்த்துகள். உங்கள் கருவிகளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. தலையைச் சுற்றிவந்து படமெடுக்கும் இயந்திரம் இருக்கிறது. சிகிச்சை முடிந்தபின் முகம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே காட்டும் கணினி இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் சில பிள்ளைகளுக்குப் பல் நகராது. அப்போது அழுத்துவதற்கு உங்கள் இயந்திரம் எதிலும் பொத்தான் கிடையாது. எங்கள் காலத்தில் இருந்தது. அது ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த மயிலாப்பூர் கிளினிக்கின் பெரிய டாக்டர் அதைச் சொல்லிச் செய்துவைத்திருந்தார். ஊதா மை. இரண்டே வார்த்தை: "சொன்னதைக் கேட்கவில்லை." சிகிச்சை எதிர்பார்த்தபடி வராவிட்டால் நோயாளியின் அட்டையில் அதைக் குத்த வேண்டும். கீழே இருக்கும் கோட்டில் அப்பாவிடமோ அம்மாவிடமோ கையெழுத்து வாங்க வேண்டும். அட்டையில் மற்றதெல்லாம் ஆங்கிலம். பெற்றோருக்குப் புரிய வேண்டியது இது ஒன்றுதான் என்பதால் இது மட்டும் தமிழ். நான் சேர்ந்த அன்றே அதன் கைப்பிடி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் சொன்னதைக் கேட்பதில்லை என்பது எங்கள் துறை ஒருமனதாக ஏற்றுக்கொண்ட உண்மை. ஆகவே டாக்டர்கள் தவறே செய்வதில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவரின் மகன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான். பல் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனபோது அம்மா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இன்னா நைனா, பல்லு புடுங்கவா இத்தினி வருசம் படிச்சே? உங்க மாமா கதவுல நூலக் கட்டி ஒரே இழுப்புல புடுங்கிடுவாரே!" பிடுங்குவதில்லை, நேராக்குவது என்று விளக்கினேன். "இன்னாத்துக்கு? கோணப் பல்லு சோறு மெல்லாதா?" என்றாள். அந்தக் கேள்விக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இன்றுவரை நல்ல பதில் இல்லை.

இப்படிப்பட்ட நான் மயிலாப்பூரில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நின்றால் எப்படி இருப்பேன்? கழுத்து வரை பொத்தான் போட்டு, எண்ணெய் வைத்துத் தலை வாரி, வருகிறவர்கள் பேசும் தமிழை அவர்களைவிடச் சுத்தமாகப் பேசிக்கொண்டிருந்தேன். கிளினிக்கைப் பெருக்கித் துடைக்க கன்னியம்மா என்று ஓர் அம்மாள் வருவார். அவர் பேசியது என் அம்மாவின் தமிழ். அது எனக்குச் சரியாகப் புரியாதது போல முகத்தை வைத்துக்கொள்வது அன்றைக்கு என் தகுதிகளில் ஒன்று. சான்றிதழில் அதைக் குறிப்பிடவில்லை, அவ்வளவுதான்.

வைதேகி வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. கோயில் குளத்துக்குத் தெற்கே வீடு. அப்பா கல்லூரியில் கணக்கு வாத்தியார். மேல்வரிசை முன்பற்கள் உதட்டைத் தாண்டி வெளியே வந்திருந்தன. வகுப்பில் அவளுக்குத் தேங்காத்துருவி என்று பெயர். அதை அவளே சொன்னாள். சொல்லும்போது வலது கை தானாக வாய்க்கு முன்னால் போனது. பேசி முடியும் வரை அந்தக் கை கீழே இறங்கவில்லை.

"சரியாயிடுமா டாக்டர்?"

"ஒரே வருஷம். முத்துக் கோத்த மாதிரி இருக்கும்" என்றேன். அந்தக் காலத்தில் எனக்கு முத்தைப் பற்றியும் ஒன்றும் தெரியாது, வருஷத்தைப் பற்றியும் ஒன்றும் தெரியாது.

அப்போது எங்களிடம் இருந்தது கழற்றி மாட்டுகிற கிளிப்தான். அண்ணத்தில் பொருந்தும் ஒரு ரோஸ் நிறத் தகடு, அதிலிருந்து முன்பற்களை அணைத்துக்கொண்டு போகும் ஒரு கம்பி. மாதம் ஒருமுறை கம்பியை முறுக்கினால் பல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். நான் அவளுக்குச் சொன்ன விதிகள் இரண்டு. சாப்பிடும்போது தவிர எப்போதும் வாயிலேயே இருக்க வேண்டும். கழற்றினால் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அதை எழுதியவர் குளத்துக்குத் தெற்கே குடியிருந்தவர் அல்ல.

மாதாமாதம் வந்தாள். ஒருமுறைகூடத் தவறவில்லை. பல்தான் வரவில்லை. கம்பியை முறுக்கினேன், நகரவில்லை. கம்பி தடிமனா என்று மெல்லிசாக மாற்றினேன். மெல்லிசா என்று தடிமனாக மாற்றினேன். புதுத் தகடே செய்துகொடுத்தேன். தாடை எலும்பின் மேல் பழி போட்டேன், இறக்குமதிக் கம்பி கிடைக்காததற்காக அரசாங்கத்தின் மேல் பழி போட்டேன். நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். ஒரே ஒரு காரியம் மட்டும் செய்யவில்லை. அதற்கு நூலகம் போக வேண்டியதில்லை என்பதால் எனக்குத் தோன்றவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். வைதேகியின் கிளிப் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம்! மற்ற பிள்ளைகளுடையது ஆறு மாதத்தில் மஞ்சளாகி, காறை படிந்து, கிட்டே கொண்டுபோனால் மூக்கைப் பொத்தும்படி இருக்கும். இவளுடையது கண்ணாடி. கம்பி மின்னும். நான் அதைக் கையில் தூக்கிப் பிடித்து, காத்திருக்கும் பிள்ளைகளிடம் காட்டுவேன். "பாருங்க. இவளைப் பார்த்துக் கத்துக்கோங்க. சொன்னதைக் கேக்கறதுன்னா இப்படித்தான்." அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் கன்னியம்மா துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே அந்தக் கிளிப்பை எட்டிப் பார்த்தார்.

"இன்னா டாக்டரு, இது வாயில கீற சாமானாட்டமா கீது? பாத்திரக் கடையில தொங்குறா மாதிரில்ல பளபளன்னு கீது! மோந்து பாரு, புளி வாடை அடிக்குது."

"நீங்க போய் வேலையைப் பாருங்க" என்றேன், என்னுடைய மிகச் சுத்தமான தமிழில்.

"அதான் பாத்துக்கினு கீறேன். நீதான் பாக்க மாட்டேன்ற" என்று சொல்லிவிட்டுப் போனார். வழக்கம்போல எனக்குப் புரியவில்லை.

பதினான்கு மாதம் ஆனது. வாத்தியார் ஒரு மாலை முன்னறிவிப்பில்லாமல் வந்தார். பின்னாலேயே வைதேகி, வாயில் கையோடு. மேஜைமேல் இருந்த இரண்டு பிளாஸ்டர் அச்சுகளைக் கேட்டார். ஒன்று முதல் நாள் எடுத்தது, இன்னொன்று முந்தின வாரம் எடுத்தது. சட்டைப் பையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்தார். இரண்டையும் மூன்று முறை அளந்தார். கணக்கு வாத்தியார் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிளிப் மாட்டாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

"அரை மில்லிமீட்டர். இன்னும் ஆறு மில்லிமீட்டர் போகணும். இதே வேகத்துல போனா இன்னும் பதினாலு வருஷம். கொழந்தைக்கு இருபத்தெட்டு வயசாயிருக்கும். அதுவரைக்கும் நான் இருப்பேனோ என்னமோ, நீங்க இருங்கோ."

அளவு பார்த்துச் சொல்லிவிட்டு அவர் ஸ்கேலைத் துடைத்துப் பையில் வைத்தார். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

"சித்த இருங்க சார்" என்று உள்ளே போனேன். பெரிய டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அட்டையை என் கையிலிருந்து வாங்கி, ஸ்டாம்பை மையில் ஒற்றி, ஒரே குத்து.

"முதல்ல இதை அடிக்கணும், அப்புறம்தான் பேசணும். வரிசை மாத்திடறே நீ" என்றார். "இந்தா. கையெழுத்து வாங்கிட்டு அனுப்பு. அந்தத் தெரு முழுக்க நம்மகிட்டதான் வாயைத் திறக்குது. தப்பு நம்ம மேலன்னு ஆச்சு, அத்தனை வாயும் மூடிக்கும். அதோட உனக்கும் இங்க வேலை இல்லை."

ஈர மையோடு அட்டை என் கைக்கு வந்தது. வெளியே வந்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நீங்களும் ஒருநாள் இங்கே வந்து நிற்பீர்கள். அட்டையை நீட்டினால் வாத்தியார் கையெழுத்துப் போடுவார், போட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். மறுபடி எந்தப் பல் டாக்டரிடமும் காட்ட மாட்டார். சொன்னதைக் கேட்காத பெண்ணுக்கு எதற்கு இன்னொரு வாய்ப்பு? அவள் தேங்காத்துருவியாகவே இருந்து, அந்தக் கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டே வளர்ந்து முடிப்பாள். அட்டையை நீட்டாவிட்டால் எனக்கு வேலை போகும். எங்கள் வீட்டில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரே ஆள் நான். நான் எவ்வளவு நேர்மையானவன் என்று பாருங்கள்: நீட்டத்தான் போனேன்.

நீட்டுவதற்கு முன் ஏதாவது செய்யவேண்டுமே என்று, "கிளிப்பைக் குடு, ஒரு தடவை பார்க்கறேன்" என்றேன். கழற்றிக் கொடுத்தாள். வழக்கம்போல் மின்னியது. கம்பியின் வளைவில் ஏதோ சிக்கியிருந்தது. இடுக்கியால் எடுத்தேன். தேங்காய் நார்.

முகர்ந்து பார்த்தேன். புளி.

பதினான்கு மாதத்தில் முதல்முறையாக அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். அதுவரை எல்லாம் உத்தரவுகள். "வைதேகி, வீட்டுக்குப் போனா இதை எங்கேம்மா வெப்பே?"

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"சொல்லேண்டி" என்றார் அவர்.

"கொல்லைல. தொவைக்கற கல்லுக்குப் பக்கத்துல, கொட்டாங்கச்சில."

"அங்க எதுக்குடி வெச்சே?"

"ஆத்துக்குள்ள கொண்டுவரப்படாதுன்னு அத்தை சொல்லிட்டா. எச்சிலாம். மொத நாள் டாக்டர் சொன்னாரேன்னு டம்ளர்ல போட்டேன், அத்தை அந்த டம்ளரையே தூக்கி வெளியில போட்டுட்டா. வாயில இருந்தா சமையல் உள்ளுக்கு வரப்படாது, தவலையைத் தொடப்படாது, ஊறுகா ஜாடி கிட்டவே போகப்படாது. அப்பறம் நான் எங்க இருக்கறது? நடு முத்தத்துலயா?"

"ஸ்கூல்ல?" என்றேன்.

"போட்டுண்டு பேசினா ஸா வரமாட்டேங்கறது. எல்லாரும் சிரிக்கறா."

"அப்போ எப்பதான் போட்டுண்டே?" என்றார் வாத்தியார்.

"இங்க வரச்சே. கொல்லைல எடுத்து, புளி போட்டுத் தேச்சு அலம்பிண்டு வருவேன். குளத்தைத் தாண்டினதும் போட்டுப்பேன்."

குளக்கரையிலிருந்து எங்கள் கிளினிக் பத்து நிமிட நடை. வாத்தியாருக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. "பத்து நிமிஷம், பதினாலு தடவை. ரெண்டு மணி இருபது நிமிஷம்" என்று முணுமுணுத்தார். இரண்டு மணி இருபது நிமிடத்தில் அரை மில்லிமீட்டர்! இவ்வளவு வேகமாகப் பல்லை நகர்த்தியவன் நம் துறையிலேயே நான் ஒருவன்தான். யாரும் மாலை போடவில்லை.

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?" என்றேன்.

"எப்படிச் சொல்றது? இவளைப் பார்த்துக் கத்துக்கோங்கோன்னு எல்லார்கிட்டயும் காட்டிட்டேளே."

கன்னியம்மா அறையின் கோடியில் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி அது.

வாத்தியாரின் முகம் தெளிந்துவிட்டது. விடை கிடைத்துவிட்ட முகம். "ஆக, தப்பு உன்மேலதான்" என்று மகளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். "குடுங்கோ. எங்க கையெழுத்துப் போடணும்?"

பாருங்கள், எல்லாம் எவ்வளவு சௌகரியமாக அமைந்துவிட்டது. பெண்ணே ஒப்புக்கொண்டாள், அப்பாவே கேட்கிறார். ஸ்டாம்ப் சொன்னது சத்தியமாகிவிட்டது. நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு டம்ளர். பள்ளிக்கூட நாட்களில் கணக்கு டியூஷனுக்கு நான் சைதாப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து இதே தெருவுக்குத்தான் வருவேன். இவர் வீடு இல்லை, நாலு வீடு தள்ளி. நல்ல வாத்தியார், காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். தாகம் என்றால் ஜன்னல் கட்டையில் எனக்கென்று ஓர் அலுமினிய டம்ளர் இருக்கும். தண்ணீரை மேலேயிருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டு நானே கழுவி அங்கேயே கவிழ்த்து வைக்க வேண்டும். டம்ளர் விஷயத்தில் எனக்கு அனுபவம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. அந்தத் தெருவில் ஒரு டம்ளர் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று எங்கள் கிளினிக்கிலேயே நன்றாகத் தெரிந்த ஆள் நான்தான். கோட்டைப் போட்டதும் மறந்துபோனேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டுவிடுவார்களே என்று இருந்தேன்.

அட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"இல்லை சார். டம்ளர்ல போடுன்னு சொன்னது நான். உங்க வீட்ல அது நடக்குமான்னு நான் விசாரிச்சிருக்கணும். நடக்காதுன்னு எனக்குத் தெரியும்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

இதோ வந்துவிட்டது. "உங்க தெருவுலதான் சார் டியூஷன் படிச்சேன். எனக்கு வெளியில தனி டம்ளர்."

வாத்தியார் நீட்டிய கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உள்ளறைக் கதவு அசைந்தது. பெரிய டாக்டர் அங்கே நின்றிருக்க வேண்டும்.

"அடுத்த வாரம் அக்காவை அழைச்சுண்டு வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாத்தியார் கிளம்பினார்.

அவர்கள் போனபின் பெரிய டாக்டர் வெளியே வந்தார். "அரிச்சந்திரன் வேலைக்கு நான் விளம்பரம் கொடுத்ததா ஞாபகம் இல்லையே" என்றார். "அந்த அம்மா வரட்டும். அதுக்கப்புறம் ஒரு வருஷம் டைம். ஒண்ணு அந்தப் பல்லு நகரணும், இல்லைன்னா நீ நகரணும்."

அத்தை வந்தார். வாத்தியாரின் அக்கா. எங்கள் நாற்காலியைத் தன் முந்தானையால் ஒருமுறை தட்டிவிட்டு நுனியில் உட்கார்ந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா அந்தக் கம்பியை மாட்டினது? ஒரு நாளைக்கு நாலு தரம் வாயில போடணுமாம், எடுக்கணுமாம், எடுத்த கையோட எல்லாத்தையும் தொடணுமாம்! ஆசாரம்னு ஒண்ணு கிடையாதாப்பா?"

"அத்தை, உன் வாயில தங்கப் பல்லு இருக்கே, அது எச்சில் இல்லையா?" என்றாள் வைதேகி, கைக்குப் பின்னாலிருந்து.

"அது எங்கடி வெளியில வரது? உள்ளேயே கிடக்கறது எப்படி எச்சிலாகும்? எடுத்தாத்தானே எச்சில்!" என்று அதட்டிவிட்டு அத்தை என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, எடுக்காமலே இருக்கறாப்பல ஒண்ணு கிடையாதா ஒங்க படிப்புல?"

இருந்தது. பல் ஒவ்வொன்றையும் சுற்றி எஃகுப் பட்டை ஒட்டி, கம்பியை அதிலேயே கட்டிவிடுகிற முறை. ஊரில் ஓரிருவர்தான் செய்தார்கள். கடினம், நேரமாகும், பொருள் கிடைக்காது என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. பதினான்கு மாதம் நூலகத்தில் நான் தேடிய யோசனையைத் தங்கப் பல் கட்டிய ஓர் அம்மாள் ஆசாரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். தெரிந்த ஒருவரிடம் மூன்று மாதம் மாலை வேளைகளில் போய்க் கற்றுக்கொண்டு வந்து மாட்டினேன். மாட்டிய அன்று வைதேகி நேராகச் சமையலறைக்குப் போய் ஊறுகாய் ஜாடியைத் திறந்ததாகக் கேள்வி.

முடிவில் முத்துக் கோத்த மாதிரி வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. மூன்று பற்கள் நன்றாக உள்ளே போயின. இடப்பக்கத்துப் பல் ஒன்று பாதியில் திரும்பி நின்றுகொண்டது. தாடை வளரும் வேகத்தில் கிடைக்கும் உதவியை நான் கொட்டாங்கச்சியில் போட்டுவிட்டேன், அது திரும்பி வரவில்லை. என்ன செய்தும் அந்த ஒரு பல் அசையவில்லை. நானும் அங்கிருந்து அசைய வேண்டியிருக்கவில்லை. பெரிய டாக்டர் அச்சைப் பார்த்து "ம்" என்றார். அவர் அகராதியில் அது பாராட்டு.

பட்டைகளைக் கழற்றிய கடைசி நாள் அவளுக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். எல்லாம் சரியாக வரவில்லை, இந்தப் பல் இப்படியேதான் இருக்கும், முன்னாலேயே நான் கவனித்திருந்தால் வந்திருக்கும்.

அவள் கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"தேங்காத்துருவி போய் இஞ்சித்துருவி ஆயிருக்கு" என்றாள்.

அட்டையை முடித்துவைக்க எடுத்தேன். ஊதா ஸ்டாம்ப் அப்படியே இருந்தது, கீழே கையெழுத்துக் கோடு காலி. அவள் தலையைச் சாய்த்து வாசித்துவிட்டாள்.

"சொன்னதைக் கேட்கவில்லை. இது நான்தானே?"

நான் பேனாவைத் திறந்தேன். முதல் வார்த்தையை அடித்தேன்.

"கேட்கவில்லை" என்று மிச்சத்தைப் படித்தாள். "யாரு கேக்கலை?"

பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய கோட்டில் என் கையெழுத்தைப் போட்டேன். அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு கையும் மடியிலேயே இருந்தன.

"கையெழுத்து கோணலா இருக்கே டாக்டர்" என்றாள். "கிளிப் போடணும். கழட்டற மாதிரி வேண்டாம்."